பூட்டு போட்டால் பூங்கா பத்திரமாகிவிடுமா?

எங்கள் பகுதிப் பூங்காவில் இரண்டு ஊஞ்சல்கள் இருந்தன. ஒன்றின் மேல்கொக்கி தேய்ந்து கம்பி மெலிந்து போயிருந்ததை முதலில் பார்த்தவர் ஒரு தாத்தா. பேத்தியை இறக்கிவிட்டுவிட்டு நேராகக் குடியிருப்போர் சங்கத்தில் இருக்கும் எங்களிடம் வந்து சொன்னார். புகார் கொடுத்தோம். சில நாளில் ஆள் வந்தார், இரண்டு பலகைகளையும் சங்கிலியோடு கழற்றி எடுத்துக்கொண்டு போனார், புகார் முடிக்கப்பட்டது என்று குறுஞ்செய்தியும் வந்தது. அதற்குப் பிறகு ஒரு பள்ளி ஆண்டே முடிந்துவிட்டது. இரும்புச் சட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது, பிள்ளைகள் இப்போது அதில் ஏறித் தொங்குகிறார்கள், அது ஊஞ்சலைவிட ஆபத்து.

சென்னையில் பூங்காவைப் பற்றி மக்கள் என்ன கேட்கிறார்கள், அதற்குப் பதிலாக என்ன கிடைக்கிறது என்பதை இந்த ஊஞ்சல் கதையை வைத்தே புரிந்துகொள்ளலாம். எந்த வார்டில் போய்க் கேட்டாலும் மனுவில் இருப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான்: விளக்கு எரியவில்லை, கழிப்பறை பூட்டியிருக்கிறது, சறுக்குமரம் உடைந்திருக்கிறது, ராத்திரியில் உள்ளே உட்கார்ந்து குடிக்கிறார்கள், நாய்த் தொல்லை, பிள்ளைகள் பந்து விளையாட இடம் இல்லை, பகலில் ஏன் மூடுகிறீர்கள். இதில் பாதி பாதுகாப்பு, பாதி பொழுதுபோக்கு என்று அதிகாரிகள் பிரித்துக்கொள்கிறார்கள். பாதுகாப்பு என்றால் பூட்டு, பொழுதுபோக்கு என்றால் புதுச் சாமான் வாங்குவது. மனு கொடுக்கும் நாங்கள் அப்படிப் பிரிப்பதில்லை. ஆட்கள் வந்து போகிற பூங்காதான் பயமில்லாத பூங்கா என்பது அங்கே தினமும் போகிறவர்களுக்குத் தெரியும். ஆட்கள் வர வேண்டும் என்றால் அங்கே செய்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும், உட்கார நிழல் வேண்டும், ஊஞ்சல் ஆட வேண்டும். ஊஞ்சலைக் கழற்றியதும் சின்னப் பிள்ளைகளோடு வந்த அம்மாக்கள் வருவதை நிறுத்தினார்கள், அவர்கள் உட்கார்ந்த மூலை காலியானது, காலியான மூலைக்கு மாலையில் பாட்டில் வந்து சேர்ந்தது.

பூட்டுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அண்ணா நகர் டவர் பூங்காவை நினைத்துப் பாருங்கள். 1968ல் நடந்த வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம் அது, 135 அடி உயரம். அங்கே உயிரிழப்புகள் நடந்ததால் 2011ல் கோபுரத்தை மூடினார்கள். மூடியதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன், அப்போது வேறு வழி தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதன் பிறகு என்ன செய்து திறந்தார்கள்? தளங்களைச் சுற்றிக் கம்பித் தடுப்பு போட்டார்கள், புதுப்பித்தார்கள், 2023 மார்ச்சில் திறந்தார்கள். கம்பி அடைப்பு என்ன புதிய கண்டுபிடிப்பா? 2011லேயே போட்டிருக்கக்கூடிய வேலைதான். இடையில் போன 12 ஆண்டுகளில் அண்ணா நகரில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்தப் படிகளில் கால் வைக்காமலேயே வளர்ந்துவிட்டார்கள். பூட்டில் உள்ள சிக்கலே இதுதான். போட்ட நாளோடு அவசரம் தீர்ந்துவிடுகிறது, அப்புறம் யாரும் அந்தக் கோப்பைத் திறப்பதில்லை.

நேரக் கட்டுப்பாடும் ஒருவகைப் பூட்டுதான். காலை பத்து மணி வாக்கில் மூடி, மாலை நான்கு வாக்கில் திறப்பது நம் ஊர்ப் பூங்காக்களில் நெடுநாள் இருந்த பழக்கம். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களை மட்டும் மனதில் வைத்துப் போட்ட நேரம் அது. பகல் வெயிலில் யார் வருவார்கள் என்று கேட்கலாம். சாப்பாட்டுப் பையோடு நிழல் தேடும் டெலிவரிப் பையன் வருவார், வீட்டு வேலைக்குப் போகும் பெண் இரண்டு வீடுகளுக்கு நடுவே கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் வருவார், ஒற்றை அறை வீட்டில் மின்விசிறிக்கு அடியில் புழுங்கும் முதியவர் வருவார், பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் வருவார்கள். வீட்டில் ஏசி இல்லாதவருக்குத்தான் மரநிழல் அதிகம் தேவை, அந்த நேரத்தில்தான் கேட் மூடியிருந்தது. பெங்களூருவில் 2024 ஜூனில் மாநகராட்சிப் பூங்காக்கள் எல்லாவற்றையும் காலை 5 முதல் இரவு 10 வரை இடைவெளியில்லாமல் திறந்து வைப்பதாக அறிவித்தார்கள். காவலுக்கும் துப்புரவுக்கும் ஆள் போதாது என்று அங்கேயும் எதிர்ப்பு வந்தது, அது நியாயமான கவலைதான். திறந்து வைப்பது என்றால் ஆளும் வெளிச்சமும் சேர்த்துத்தான். கேட்டை மட்டும் திறந்துவிட்டுப் போவதை யாரும் கேட்கவில்லை.

சரி, பூங்காவில் பிள்ளைகளுக்கு உண்மையில் அடிபடுவது எதனால்? பெரும்பாலும் கீழே விழுவதால். பல நாட்டுக் கணக்குகளில் விளையாட்டுத் திடல் காயங்களில் முதலிடம் விழுவதற்குத்தான். ஆக, விளையாட்டுச் சாமானின் வண்ணத்தைவிட அதற்குக் கீழே இருக்கும் தரை முக்கியம். ஐரோப்பியத் தர விதிகளில், 60 செ.மீ.க்கு மேல் உயரத்திலிருந்து விழ வாய்ப்பிருந்தால் கீழே அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் தரை இருந்தாக வேண்டும். அமெரிக்காவின் வழிகாட்டுதலில் மணலோ மரச் சீவலோ போட்டால் குறைந்தது ஒன்பது அங்குல ஆழம் நிற்க வேண்டும் என்கிறார்கள். அறுபது சென்டிமீட்டர் என்பது நம் வீட்டு நாற்காலியைவிடக் கொஞ்சம்தான் உயரம். நம் பூங்காக்களில் ஆறடிச் சறுக்குமரத்துக்குக் கீழே பேவர் பிளாக் பதித்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மழையில் சேறாகாது, பெருக்கச் சுலபம், திறப்பு விழாவுக்குப் பளிச்சென்று இருக்கும், எல்லாம் சரி. ஆனால் தலை கீழாக விழும் ஐந்து வயதுக் குழந்தைக்கு அது நடுரோடுதான். முன்பெல்லாம் மணல் கொட்டி வைத்திருந்தார்கள். மணலில் நாய், பூனை அசிங்கம் செய்கிறது, கண்ணாடிச் சில்லு கிடக்கிறது என்று எடுத்துவிட்டார்கள். அதை வாரம் ஒருமுறை சலிக்க ஆள் இருந்திருந்தால் பேவர் பிளாக்கே தேவைப்பட்டிருக்காது. இப்போது சில இடங்களில் ரப்பர் விரிப்பு ஒட்டுகிறார்கள், நல்லது, ஆனால் அதுவும் நம் வெயிலில் ஓரம் பிய்ந்துகொண்டு தடுக்கிவிடும், ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்று, கம்பிகளுக்கு நடுவே விடும் இடைவெளி. மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் இடைப்பட்ட சந்து எதுவும் விளையாட்டுச் சாமானில் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க வழிகாட்டுதல். காரணம் எளிது. சின்னக் குழந்தையின் உடம்பு அதில் நுழைந்துவிடும், தலை நுழையாது, கழுத்தில் மாட்டிக்கொள்ளும். இதை அளந்து பார்க்க ஒரு ஸ்கேல் போதும். எங்கள் பூங்காவில் நாங்கள் அளந்தபோது சறுக்குமரத்தின் மேல்தட்டுக் கைப்பிடியில் அப்படி ஒரு சந்து இருந்தது. பார்வைக்கு எதுவும் தெரியாது.

கேட்டையும் யாரும் சாமான் என்று நினைப்பதில்லை. 2024 செப்டம்பரில் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் மாநகராட்சி விளையாட்டுத் திடலின் இரும்பு கேட் சரிந்து விழுந்து ஒரு சிறுவன் இறந்துபோனான். விளையாட வந்த பிள்ளை, விளையாட்டில் அடிபடவில்லை, வாசலில் போய்விட்டான். இதைப் படித்த பிறகு ஒவ்வொரு முறை எங்கள் கேட்டின் கீல் கிறீச்சிடும்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அப்புறம் மின்சாரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு மழைக்காலம், விளக்குக் கம்பத்தின் அடியில் மூடி இல்லாத பெட்டியும், புல்லுக்குள் ஓடும் ஒட்டுப்போட்ட வயரும், நீரூற்று மோட்டாரும் அப்போதுதான் எமனாகும். கசிவு வந்த நொடியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் இஎல்சிபி கருவி இன்று பல வீடுகளில் இருக்கிறது. பூங்காவின் மின் பெட்டியில் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று மனுவில் ஒரு வரி கேளுங்கள். எர்த் எப்போது சோதித்தார்கள் என்றும் கேளுங்கள்.

இத்தனையும் சின்னச் சின்ன வேலைகள். கொக்கி, போல்ட், கீல், மூடி. பிறகு ஏன் நடப்பதில்லை? என் கணிப்பில், பணத்தைவிடப் பணம் வரும் வழிதான் காரணம். புதிதாகக் கட்டுவதற்கு ஒரு திட்டம் வரும், அதற்கு நிதி வரும், கல்வெட்டு வரும். நகரங்களுக்காக மத்திய அரசு 2015ல் தொடங்கிய அம்ருத் திட்டத்தில் பசுமை வெளிகளுக்கும் பூங்காக்களுக்கும் என்று நிதியில் இரண்டரை சதவீதம் வரை ஒதுக்கினார்கள், நாடு முழுக்கப் பல பூங்காக்கள் அப்படி வந்தன. ஆனால் மூன்றாம் வருடம் தேயும் கொக்கிக்கு எந்தத் திட்டமும் இல்லை. அது பராமரிப்புச் செலவு, பராமரிப்பு ஒப்பந்தத்தில் போகும், ஒப்பந்தத்தில் புல் வெட்டுவதும் பெருக்குவதும் தண்ணீர் ஊற்றுவதும் தெளிவாக இருக்கும், ஊஞ்சலைப் பற்றி இருக்காது, இருந்தாலும் 'பழுது பார்த்தல்' என்று பொத்தாம்பொதுவாக இருக்கும். இன்னொரு சிக்கல், ஒரே பூங்காவுக்குள் பல கைகள். செடிக்கு ஒருவர், விளக்குக்கு மின் பிரிவு, கழிப்பறைக்கு வேறு ஒப்பந்ததாரர், குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவரைக் கிளப்பக் காவல்துறை, நாய்க்குக் கால்நடைப் பிரிவு. மாநகராட்சியின் புகார் எண் 1913க்குப் போன் செய்தால் உங்கள் ஒரே புகார் இதில் எந்த வாசலுக்குப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். வந்து ஊஞ்சலைக் கழற்றியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் ஸ்பேனர் இருந்தது, புதுக் கொக்கி இல்லை. விபத்து நடந்தால் பழி அவர் மீது வரும், ஊஞ்சல் இல்லாமல் போனால் யார் மீதும் வராது.

இன்னும் கீழே இறங்கினால், பூங்காவின் மொத்தப் பாதுகாப்பும் நம்பியிருப்பது ஒரே ஒருவரை: வாட்ச்மேன். ஒப்பந்தக்காரர் கொடுக்கும் சம்பளத்தில், பல இடங்களில் அங்கேயே ஒரு சின்ன அறையில் குடும்பத்தோடு தங்கி, காவலும் காத்து, பெருக்கி, தண்ணீரும் ஊற்றுகிறார்கள். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியதை யாரும் மறந்திருக்க முடியாது. அந்தக் குழந்தை அந்தப் பூங்காவிலேயே தங்கி வேலை பார்த்த குடும்பத்துப் பிள்ளை. அதன் பிறகு உரிமம், கயிறு, வாய்மூடி என்று வளர்ப்பு நாய்களுக்கான கட்டுப்பாடுகளை மாநகராட்சி வலியுறுத்தியது. அவசியமானதுதான். ஆனால் பெரிய நாயோடு வரும் வசதியான ஒருவரை, அந்த வாட்ச்மேன் வாசலில் நிறுத்தி, 'சார், உள்ளே விட முடியாது' என்று சொல்லிவிட முடியுமா? அவர் பின்னால் நாம் நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தால் சொல்வார். காவலாளிக்குச் சீருடை, இரவுக்கு இரண்டாவது ஆள், தங்க ஒழுங்கான இடம் ஆகியவற்றையும் குடியிருப்போர் சங்கங்கள் மனுவில் சேர்க்க வேண்டும், சிசிடிவி கேட்கும் முன்பே. கேமரா நடந்ததைக் காட்டும், ஓடி வராது.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உயரக் கம்பத்தில் பளீரென்று எல்இடி போட்டுவிட்டால் போதும் என்ற எண்ணம் இருக்கிறது. தூங்குமூஞ்சியும் புங்கையும் வளர்ந்த பூங்காவில் அந்த வெளிச்சம் முழுவதும் இலைக்கு மேலேயே நின்றுவிடும், கீழே நடைபாதை இருட்டாகத்தான் இருக்கும். ஒரு இடம் கண் கூசும், பத்தடி தள்ளி எதுவும் தெரியாது, கூசிய கண்ணுக்கு அந்த இருட்டு இன்னும் இருட்டு. கிளைக்குக் கீழே நிற்கும் உயரத்தில், நெருக்கமாக, சீரான வெளிச்சம் வேண்டும். உடனே கிளையை வெட்டு என்று கிளம்புகிறவர்களைத் தடுக்கவும் இதே பதில்தான்: கம்பத்தைக் குட்டையாக்குங்கள், மரத்தை விடுங்கள்.

பூங்கா யாருக்கு என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு, அதை மறைக்கக் கூடாது. சங்கத்துக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காலை நடைக்கு வரும் பெரியவர்கள். அவர்கள் கேட்பது எட்டு வடிவப் பாதை, கூழாங்கல் பாதை, யோகா மேடை, அமைதி. அதில் தவறில்லை, ஆனால் 'பந்து விளையாடக் கூடாது' என்ற பலகை அவர்கள் கேட்டு வந்ததுதான். பதினான்கு வயதுப் பையன் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு எங்கே போவான்? ரோட்டுக்கு. பெண் பிள்ளைகள் ரோட்டுக்கும் போவதில்லை, வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வியன்னாவில் 1990களில் இதைக் கவனித்துப் பார்த்தார்கள், ஒன்பது வயதைத் தாண்டியதும் பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைந்திருந்தது, திறந்த திடல் முழுவதையும் பையன்கள் எடுத்துக்கொண்டதுதான் காரணம். இரண்டு பூங்காக்களை மாற்றியமைத்தார்கள்: திடலைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்தார்கள், வாலிபால், பேட்மிண்டன் போன்றவற்றுக்கு இடம் விட்டார்கள், உள்ளே போக வரப் பாதைகளைக் கூட்டினார்கள். பெண்கள் திரும்பி வந்தார்கள். நம் ஊரில் மாலை ஆறு மணிக்கு ஒரு பேட்மிண்டன் கோர்ட்டைப் பாருங்கள், அம்மாவும் மகளும் எதிரெதிரே ஆடுவது அங்கேதான். அந்த ஒரு கோர்ட்டுக்கு ஆகும் செலவு கண்ணாடி இழை யானை பொம்மைக்கும் ஆகும்.

சக்கர நாற்காலிக்காரர்கள் கேட்பது இதைவிடச் சின்னது. வாசலில் மாடு வராமல் இருக்க வைத்த சுழல் கம்பிக்குப் பக்கத்தில் இவர்கள் நுழைய ஒரு வழி. 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை உரிமை என்றே சொல்கிறது. மெரினாவில் கடல் வரை போகும் மரப்பாதை 2022 நவம்பரில் வந்ததற்குப் பின்னால் அவர்களின் பல ஆண்டுப் போராட்டம் இருந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி உடைந்தது, சரிசெய்து திரும்பத் திறந்தார்கள். மூடிவிட்டுப் போகவில்லை. ஊஞ்சல் விஷயத்திலும் நாங்கள் கேட்பது இதைத்தான்.

ஆள் வராத பூங்காவுக்கு இன்னொரு கதியும் உண்டு, அது மெல்ல வேறு எதுவாகவோ ஆகிவிடும். மூலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அடுத்து உரக்கிடங்கு, அடுத்து ஒரு டிரான்ஸ்பார்மர். இது சென்னைக்குப் புதிதல்ல. ஆளுநர் டிரெவல்யன் காலத்தில், 1859 வாக்கில், சென்ட்ரலுக்குப் பக்கத்தில் 116 ஏக்கரில் பீப்பிள்ஸ் பார்க் இருந்தது. மூர் மார்க்கெட், விக்டோரியா மண்டபம், ரிப்பன் மாளிகை, பிறகு நேரு விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றும் அந்த நிலத்தில்தான் எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. மிச்சம் இருப்பது மைலேடி பூங்கா என்ற சின்னத் துண்டு. நம் காலத்தில் மெட்ரோ வேலைக்காக மூடிய ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ரயில் 2017லேயே ஓடத் தொடங்கிவிட்டது, பூங்கா மக்கள் கைக்குத் திரும்பியது 2023ல். இப்போது பனகல் பூங்காவில் இரண்டாம் கட்ட மெட்ரோ வேலை நடக்கிறது, தி.நகர்க்காரர்களின் பயம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறதல்லவா.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைப் பாதுகாக்கவே தமிழ்நாட்டில் 1959லிருந்து தனிச் சட்டம் உண்டு. பெரிய மனைப்பிரிவுகள் விஷயத்தில், 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும், ஓஎஸ்ஆர் நிலம் என்று சொல்வது இதைத்தான். 2011ல் சென்னை 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 ஆக விரிந்தபோது சேர்ந்த பகுதிகளில் இப்படிப்பட்ட நிலங்கள்தான் பூங்காவுக்கு நம்பிக்கை. பல இடங்களில் சுற்றிலும் வேலி கூட இல்லை. பெங்களூருவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது அக்கம்பக்கத்து மக்கள் வழக்குப் போட்டார்கள், 1991ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பூங்கா போனால் பாதிக்கப்படுவது அங்கே வசிப்பவர்கள், ஆகவே கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று அந்தத் தீர்ப்பு உறுதியாக்கியது. மனு எழுதும்போது 'தாழ்மையுடன் வேண்டுகிறோம்' என்று நாம் குனிய வேண்டியதில்லை.

எங்கள் அனுபவத்தில் பயன் தந்த சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். 'பூங்காவைச் சீரமைக்கவும்' என்று எழுதினால் பெயிண்ட்தான் வரும். எந்தக் கம்பம், எந்தப் போல்ட், எத்தனை அங்குலம் என்று படத்தோடு எழுதினால் பொறியாளருக்கும் மதிப்பீடு போடச் சுலபம். 'அகற்ற வேண்டாம், மாற்றித் தாருங்கள்' என்று தனியாக ஒரு வரி சேருங்கள், ஊஞ்சலில் நாங்கள் கற்றது அது. வார்டு மக்கள் கூடிக் கோரிக்கை வைக்கும் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 முதல் நடக்கின்றன, அங்கே தீர்மானமாகப் பதிவாகும் கோரிக்கைக்கு வாட்ஸ்அப்பில் கவுன்சிலருக்கு அனுப்பியதைவிட எடை அதிகம். கையில் கொஞ்சம் பணம் திரட்ட முடிந்த தெருக்கள் அரசின் நமக்கு நாமே திட்டத்தில் செலவில் மூன்றில் ஒரு பங்கு போட்டு வேலை வாங்கலாம், முடியாத தெருக்களுக்கு அந்த வழியைக் காட்டித் தட்டிக் கழிக்கக் கூடாது, அவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான் வேறு இடமே இல்லை.

முக்கியமாக, அதிகாரியைப் பகல் பதினோரு மணிக்குக் கூப்பிடாதீர்கள். அந்த நேரத்தில் எல்லாப் பூங்காவும் அழகாகத்தான் இருக்கும். நாங்கள் உதவிப் பொறியாளரை இரவு ஏழரைக்கு வரச் சொன்னோம், வந்தார், அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கல்லூரிக்குப் போகும் இரண்டு பெண்களையும் கூட அழைத்துக்கொண்டு ஒரு சுற்று நடந்தோம். எந்த இடத்தில் அவர்கள் நடை வேகமாகிறதோ அங்கே நின்று குறித்துக்கொண்டோம். கழிப்பறைக்குப் பின்பக்கம், பழைய நீரூற்றுக்கு அருகே, இரண்டாவது கேட்டை ஒட்டிய வளைவு என்று மூன்று இடங்கள். வளைவில் விளக்கு வந்துவிட்டது, இரண்டாவது கேட்டின் கீல் மாற்றியாயிற்று. கழிப்பறைச் சாவி இப்போது வாட்ச்மேனிடமே இருக்கிறது. ஊஞ்சல் பலகை இன்னும் வரவில்லை, அடுத்த பகுதி சபையில் முதல் மனு அதுதான், கொக்கியின் அளவையும் விலையையும் கடையில் கேட்டு எழுதி வைத்திருக்கிறோம்.